பயனாளியின் முகம்

வீட்டில் மின்சாரக் கார் சார்ஜர் வைக்க அரசு மானியம் தருகிறது. என் கணவர் விண்ணப்பித்தார், சார்ஜரை மாட்டினார், போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இன்றைக்குத்தான் சரிபார்க்க ஆள் வந்தார். காரில் வயரைச் செருகச் சொன்னார். செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது.

"பயனாளியப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்கம்மா. போட்டோ எடுக்கணும்."

"அவரு இறந்துட்டாருங்க."

அவர் செல்போனைத் தடவினார். "முகம் இல்லாம இது ஏத்துக்காதேம்மா."

"அண்ணி, இந்தாள வெளிய அனுப்புங்க" என்றான் பக்கத்தில் நின்ற கொழுந்தன்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கூடத்துச் சுவரிலிருந்த கணவரின் படத்தைக் கழற்றி வந்து, சார்ஜர் பக்கத்தில் அவர் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன்.

"கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது. கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."

சாய்த்தேன்.

"விரல் தெரியுதும்மா."

விரலை மடக்கிக்கொண்டேன்.

செல்போன் ஒரு பெண் குரலில் பேசியது: "முகம் பொருந்தியது. இப்போது ஒருமுறை கண் சிமிட்டவும்."

வந்தவர் செல்போனை இறக்கவில்லை. நானும் படத்தை இறக்கவில்லை. மூன்று பேரும் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.