பத்மராணி வீட்டு வடக்கு

டீட்மார் ஹெல்விக் தூங்கினால் அவர் தலை தானாக வடக்கே திரும்பிவிடும். ஜெர்மனியில் பிறந்து, பூமியின் காந்தத்தை அளப்பதே பிழைப்பாக ஊர் ஊராக அலைந்ததில் திசைகாட்டி முள்ளின் பழக்கம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. காந்த நடுக்கோடு நெல்லைப் பக்கமாகப் போகிறதென்று அங்கேயும் பல வருடம் கருவியும் கையுமாகக் கிடந்தார். தமிழ் அப்படி வந்ததுதான். விமானத்தில் கண்ணயர்ந்து, பக்கத்து இருக்கைக்காரர் மடியில் விழித்துக்கொண்டதும் உண்டு.

ஓய்வு பெற்றபின் அமெரிக்காவின் ஃப்ரீமான்ட்டில் பத்மராணி வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தார். பத்மராணி யாழ்ப்பாணத்துக்காரர், பல் டாக்டர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் வடக்கே தலைவைத்துப் படுத்தால் ஆள் தங்காது என்று வேதாகமத்துக்குச் சமமாக நம்பினார். கணவர் அல்பிரட் கடைசியாகப் படுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாடு வடக்கே இருந்ததை அவர் மறக்கவே இல்லை.

முதலில் காலைத் தேநீர் இருவருக்குமானது, பிறகு சமையல். ஒருநாள் மௌரி அவென்யூ இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது டீட்மார் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். பத்மராணிக்கு ஆசைதான், பயம் அதைவிடப் பெரிது. பின்னறைக் கட்டிலைத் திருப்பிப் போட்டார். தலையணைக்கு இருபுறமும் பொன்னி அரிசி மூட்டைகளை முட்டுக்கொடுத்தார். காலையில் தேநீரோடு எட்டிப்பார்த்தால் மூட்டைகள் தரையில், தலை வடக்கில்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ டைரக்‌ஷன்," என்றாள் மகள் குமுதினி.

"இன்னொருத்தரையும் புதைக்க என்னால ஏலாது," என்று அழுதார் பத்மராணி. டீட்மாரிடம் நேராகவே கேட்டார்: "உங்களுக்கு வடக்கு முக்கியமோ, நான் முக்கியமோ?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? நீங்கதான்," என்றார், வாழ்நாளெல்லாம் வடக்கையே நம்பி வாழ்ந்த அந்த மனிதர்.

மறுநாள் காலை அவர் தலை தெற்கே இருந்தது. கருவியை எடுத்துப் பார்த்தால், அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் பூமியின் காந்தம் தலைகீழாகப் புரண்டிருந்தது. வேலிக்கு வெளியே முள் வழக்கம்போல் வடக்கைக் காட்டியது, உள்ளே வந்தால் தெற்கை. இப்படிப் புரளப் பல்லாயிரம் வருடம் பிடிக்கும் என்று ஊரெல்லாம் வகுப்பெடுத்தவர், பைஜாமாவோடு வேலியைத் தாண்டித் தாண்டிக் குதித்துச் சிரித்தார். பத்மராணியும் வெட்கத்தை விட்டுக் கூடக் குதித்தார்.

கல்யாண விருந்துக்கு வந்தவர்களைப் போன் மேப் வாசலில் வைத்துத் திருப்பியனுப்பப் பார்த்தது. குளிருக்குத் தெற்கே கிளம்பிய வாத்துக்கூட்டம் குழம்பிப்போய்ப் புல்வெளியில் இறங்கியது. அவற்றுக்கும் சாப்பாடு போட்டார்கள். இப்போது டெலிவரிக்காரர்கள் அந்தத் தெருவில் மேப்பைப் பார்ப்பதில்லை, கட்லெட் பொரிக்கும் வாசனையைப் பிடித்து வந்துவிடுகிறார்கள். காலைத் தேநீரை டீட்மார்தான் போடுகிறார். பத்மராணி எட்டு மணிவரை தூங்குகிறார்.