பாடியவர்: விஜய் ஆடியோஸ், சின்னமனூர்

சின்னமனூர் விஜய்ராஜ் அண்ணன் மைக் செட் வைத்திருக்கிறார். அவரிடம் பெயர் எழுதாத பொருள் ஒன்றே ஒன்றுதான், பைக் சாவி. அதில் இடம் இல்லை. மற்றபடி குழாய், ஸ்பீக்கர் பெட்டி, ஒயர்ச் சுருள், டீ வாங்கும் தூக்குவாளி எல்லாவற்றிலும் சிவப்புப் பெயிண்டில் ‘விஜய் ஆடியோஸ், சின்னமனூர்’ என்று இருக்கும். கீழே செல் நம்பர். பக்கத்து ஊரான தேவாரத்துக்குத் திருவிழாவுக்காகப் போன இரண்டு குழாய்கள் திரும்பி வராததிலிருந்து இந்தப் பழக்கம். எங்கள் பாட்டு அவர் கைக்குப் போகும்வரை நானும் அதைக் குறை சொன்னதில்லை.

2008. நானும் ஹக்கீமும் கல்லூரியில் கடைசி வருடம். ஹக்கீம் பாடுவான், நான் எழுதுவேன். ஆண்டு விழாவில் முதல்வரைப் புகழ்ந்து நான் எழுதிய வரவேற்புரைக்கு அவரே எழுந்து கைதட்டினார். அது கிண்டல் என்று மறுவாரம்தான் யாரோ அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எழுதுவதற்கு எனக்கு நிறைய நேரம் கிடைத்தது.

ஹக்கீமுக்குச் சென்னை போய் ஒலிப்பதிவு படிக்க வேண்டும். அவன் அத்தா ஷேக் மைதீன் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி. கடையில் உட்கார ஆள் வேண்டும், வீட்டில் மகன் இருக்கிறான், பிறகென்ன என்பது அவர் கட்சி. அவன் கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார்.

“உன் கூட்டாளிக பாராட்டுறது எனக்கு வேணாம். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர், இந்தப் பாட்டை ஹக்கீம் பாடுனான்னு சொல்லி நான் காதால கேக்கணும். கேட்டுட்டா மெட்ராசுக்கு நானே பஸ் ஏத்தி விடுறேன்.”

அப்போது இணையத்தில் ஒரு தமிழ்ப் பாட்டுத் தளம் இருந்தது. யார் வேண்டுமானாலும் பாட்டை ஏற்றலாம். வெள்ளிக்கிழமைதோறும் அதிலிருந்து புதுப் பாட்டு ஒன்றை எடுத்து, சிங்கப்பூரிலிருந்து நடக்கும் இணைய வானொலி ஒன்றில் போடுவார்கள். எம்பி3 கோப்புக்குள் பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர் என்று விவரம் எழுத இடம் உண்டு. அறிவிப்பாளர் அதைப் பார்த்துத்தான் வாசிப்பார். முன்னப்பின்ன தெரியாத ஆள் ஹக்கீம் பேரைச் சொல்ல இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

கம்பத்திலிருந்து தேனிக்குப் போவதற்குள் கை காட்டியவருக்கெல்லாம் நிற்கும் ஒரு பஸ்ஸைப் பற்றி நான் பாட்டு எழுதினேன். ஹக்கீம் அதைக் காதல் பாட்டு மாதிரி பாடினான். விஜய்ராஜ் அண்ணனின் குடோனில், அவர் மிக்சரில், அவர் கம்ப்யூட்டரில் பதிவு நடந்தது. எக்கோ வேண்டாம் என்று ஹக்கீம் சொல்லிப் பார்த்தான். எக்கோ இல்லாமல் தன் மிக்சர் வேலை செய்யாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். ‘நில்லு நில்லு’ என்று அவன் ஒரு தடவை பாடினால் பஸ் நாலு தடவை நின்றது.

பாடியவர் என்ற இடத்தில் நான் ஹக்கீம் பெயரை முதலில் தமிழில் அடித்தேன். திறந்து பார்த்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாததால் ஆங்கிலத்தில் அடித்தேன். சரியாக வந்தது. ஹக்கீம் அதைத் திறந்து திறந்து மூடினான். அண்ணன் தன் பென் டிரைவில் பாட்டை ஏற்றித் தருவதாகச் சொன்னார். நாங்கள் டீ குடிக்கப் போனோம்.

உருப்படாமல் போனது அந்த டீயில்தான். கம்பம் பிரவுசிங் சென்டரில் பாட்டைத் தளத்தில் ஏற்றும் நேரத்துக்குள் நான் கம்பத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டேன். அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை எங்கள் பாட்டைத் தேர்வு செய்ததாகத் தளத்தில் அறிவிப்பு வந்தது. ஜும்மா தொழுகை முடிந்து வந்த அத்தாவை ஹக்கீம் பிரவுசிங் சென்டருக்கு அழைத்து வந்தான். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கருக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பாட்டு முழுக்க ஓடியது. அவர் விரல் தொடையில் தாளம் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு சிங்கப்பூர்ப் பெண்குரல், ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைத்த மாதிரி, சொன்னது:

“இப்பாடலைப் பாடியவர் திரு. விஜய் ஆடியோஸ், சின்னமனூர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டங்களுக்கு அணுகவும்.”

செல் நம்பரையும் பத்து இலக்கமும் விடாமல் வாசித்தார். பாடகரின் பட்டம் என்று நினைத்திருப்பார் போல.

ஷேக் மைதீன் தலையாட்டினார். “அருமையாப் பாடியிருக்காப்ல. ஏலே, இந்த மாதிரி நீ பாடுனா நான் எதுக்குத் தடுக்கப் போறேன்?”

“அத்தா, அது நான்தான்.”

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, அதுதான் மோசம். “அந்தம்மா அவ்வளவு தெளிவாச் சொல்றாக. அடுத்தவன் சரக்குல நம்ம மார்க்கைக் குத்துறது நம்ம கடையில வழக்கமில்ல.”

ஹக்கீம் அங்கேயே நின்று பாடிக் காட்டினான். சென்டரில் ஹால் டிக்கெட் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முழுசாகக் கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் ரேடியோவில் வந்த மாதிரி இல்லை என்றார் அத்தா. அதில் ஒரு குரல் போய்த் திரும்பித் திரும்பி வந்ததாம். எக்கோ அது, நாங்கள் வேண்டாம் என்று சொன்னது என்று நான் விளக்கினேன். வேண்டாம் என்றால் எப்படி வந்தது என்று கேட்டார். வியாபாரியிடம் பேசுவது கஷ்டம்.

நான் விவரத்தைத் திருத்தி, பாட்டை மறுபடியும் தளத்தில் ஏற்றினேன். மறுநாள் தளத்தின் பொறுப்பாளரிடமிருந்து கடிதம். இந்தப் பாட்டைப் பாடிய கலைஞர் வேறொருவர். அவர் பெயரை அழித்துவிட்டுத் தங்கள் நண்பர் பெயரைப் போடுவது படைப்பாளிக்குச் செய்யும் துரோகம். தங்கள் கணக்கு முடக்கப்படுகிறது. நல்ல தமிழில், ஒரு பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தார். பதில் எழுதக் கணக்கு இல்லை.

அதற்குள் ஷேக் மைதீன் ரேடியோ சொன்ன நம்பருக்குப் போன் போட்டிருந்தார். மகள் ரஃபியாவின் நிக்காஹ் வைபவத்துக்குப் பாட அந்தப் பாடகர் வர வேண்டுமாம். ஆர்டர் என்றதும் விஜய்ராஜ் அண்ணன் அன்றே கம்பம் கடைக்கு வந்து நின்றார். நாங்களும் ஓடினோம்.

“பாடுனது நீங்கதானா?” என்றார் ஷேக் மைதீன்.

“நானா? எனக்குப் பாட வராது பாய். இந்தா நிக்கிறானே உங்க மகன், அவன்தான் பாடுனான்.”

எனக்கு அண்ணனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஹக்கீம் கண்ணை மூடிக்கொண்டான்.

“அப்ப உங்க பேரு எப்படி வந்துச்சு?”

“என் கம்ப்யூட்டர்ல ஏறுற எல்லாப் பாட்டுக்கும் மொத்தமாப் போட்டு விட்டுருவேன் பாய். பேரு இல்லாத சாமான் எங்க திரும்பி வருது?”

ஷேக் மைதீன் கடைக்குள் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் அடுக்கிய ஏலக்காய் மூட்டைகள். மலையில் யார் யாரோ விளைவித்து, யார் யாரோ பறித்தது. எல்லாவற்றிலும் நீல மையில் எஸ்.எம். மார்க்.

“நீங்க சொல்றது நியாயம்தான்,” என்றார் அண்ணனிடம்.

தான் பாடினது உண்மை என்று ஆகிவிட்டது, இனிச் சென்னைக்கு விடுவீர்களா என்று ஹக்கீம் கேட்டான். முன்னப்பின்ன தெரியாதவர் வாயால் கேட்க வேண்டும் என்பதுதான் பேச்சு, அது நடக்கவில்லை என்றார். இந்த அண்ணன் சொன்னாரே என்றேன். அவரைத்தான் இப்போது தெரிந்துவிட்டதே என்றார். பிறகு, மகன் முகத்தைப் பார்த்து மனசு இளகி, தன்னால் ஆன நல்லதைச் செய்தார்.

“பாட்டுச் சோலிதான் வேணும்னா அதுக்கு மெட்ராஸ் எதுக்கு? இந்த மைக் செட் தம்பி பேரு சிங்கப்பூர் வரைக்கும் தெரிஞ்சிருக்கு. இவருகிட்டயே சேந்துக்க.”

ரஃபியாவின் நிக்காஹ் வைபவத்துக்கு ஹக்கீம் காலையிலேயே ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கினான், மத்தியானம் பாடினான், சாயங்காலம் பெட்டிகளை ஏற்றினான். அண்ணன் அவனுக்கு மஞ்சள் பனியன் ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார். அவன் குனிந்து ஒயர் சுருட்டும்போது முதுகில் சிவப்பு எழுத்து தெரிந்தது. கீழே செல் நம்பர்.