போன வழியும் வந்த வழியும்

புதுப்பட்டினத்தில் ஷஹர்பானு நடத்தும் பிரியாணிக் கடைக்கு ஆர்டரெல்லாம் இன்டர்நெட் போனில்தான் வரும். சில நாளாக அந்த போன் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கூப்பிடுபவர் பேசுவது இவளுக்குத் தெளிவாகக் கேட்கும். இவள் பேசுவதுதான் அவர்களுக்குத் துண்டு துண்டாகப் போகும். "வெள்ளிக்கெழம லீவு" என்று இவள் சொன்னதில் கிழமை மட்டும் காதில் விழுந்த ஒரு குடும்பம், வெள்ளியன்று ஆட்டோவில் வந்து மூடிய ஷட்டரைத் தட்டிவிட்டுப் போனது.

பழுது பார்க்க ரெஜினா வந்தாள். போனை மாற்றினாள், கேபிளை மாற்றினாள். குரல் உடைவது நிற்கவில்லை. வாசலுக்குப் போய்த் தன் செல்லிலிருந்து கடைக்குக் கூப்பிட்டாள்.

"நிறுத்தாம பேசிகினே இரு, அக்கா."

"இன்னாத்தப் பேச?"

"பிரியாணி எப்டி செய்றதுன்னு சொல்லு."

ஷஹர்பானு வெங்காயத்தில் ஆரம்பித்தாள். பாதி வார்த்தைகள் வந்து சேரவில்லை. அரிசியை வடிக்கும் கட்டத்தில் குரல் திடீரென்று தெளிந்தது. ரெஜினா உள்ளே ஓடிவந்தாள்.

"இப்ப இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ல. அவரு எலுமிச்சம்பழம் வாங்கப் போனாரு."

கணவர் காஜா மொய்தீன் திரும்பி வந்ததும் குரல் மறுபடி உடைந்தது. ரெஜினா சிரித்துவிட்டாள்.

"பாய், உங்க செல்லக் குடுங்க. உள்ள வர்ற லைன் சும்மா கீது. வெளிய போற லைன்ல நீங்க இன்னாமோ பெருசா ஏத்திகினு கீறீங்க."

அவர் தயங்கித் தயங்கி நீட்டினார். திரையில் ஷஹர்பானு தேக்சா மூடியைச் சுற்றி மாவு ஒட்டி தம் போடும் வீடியோ இன்டர்நெட்டில் பாதி ஏறியிருந்தது. அதற்கு முன் ஏற்றியவை ஏராளம்.

"என்னக் கேக்காம என்ன எடுத்தீங்களா?"

"கேட்டா வேணாம்பே. உன் கைப்பக்குவத்த நாலு பேர் பாக்கட்டுமேன்னுதான்..."

கோபத்தோடுதான் வாங்கிப் பார்த்தாள். கீழே யார் யாரோ கடை எங்கே என்று கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் அவர் கடை நம்பரைக் கொடுத்திருந்தார்.

"அதான் புதுசு புதுசா கூப்புட்றாங்களா!" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே சொல்லிட்டு எடுங்க."

வீடியோ எவ்வளவு ஏறினாலும் பேச்சுக்கே முதல் வழி கிடைக்கும்படி ரவுட்டரில் மாற்றிவைத்தாள் ரெஜினா. முடித்த கையோடு போன் அடித்தது. முட்டுக்காட்டிலிருந்து ஒரு பெண்.

"வீடியோல தம் போட்றது நீங்கதானாக்கா?"

ஷஹர்பானு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நான்தாம்மா. நான் பேசறது கேக்குதா?"

"பக்கத்துல நின்னு பேசற மாரி கேக்குதுக்கா!"