அறுந்துபோக வேண்டிய தையல்

அந்தக் குடியிருப்பில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. எல்லாருக்கும் அவள் 'கத்திரி'தான். தையல்காரி என்பதால் வந்த பெயர் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் நாக்கோடு ஒருமுறை மோதிப் பார்த்த பிறகு உண்மைக் காரணம் புரிந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவள் அந்த வியாழக்கிழமை காலையில் வாயடைத்து நின்றாள். எதிரே சங்கச் செயலாளர் ஒரு மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதன் கழுத்தில் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி வெள்ளை நூல் சுற்றிக்கொண்டு தொங்கியது. நைலான் நூல். அவள் கையால் தைத்த நூல்.

"மண்ணைக் காப்பாத்துறேன்னு சொல்லிட்டு மண்ணுக்குள்ள பிளாஸ்டிக்கைப் புதைச்சு வச்சிருக்கீங்க," என்றார் செயலாளர். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இதையே எல்லார் முன்னாடியும் வைக்கிறேன். பின்பக்கம் பூரா சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்துற இடமாக்கிடலாம். தொல்லை விட்டுது."

கட்டடத்துக்கும் பின்மதிலுக்கும் நடுவே இருக்கும் அந்தத் துண்டு நிலம் இரண்டு வருடத்துக்கு முன்பு உடைந்த செங்கல்லும் ஓட்டாஞ்சில்லும் கொட்டிக் கிடந்த இடம். புல்கூட முளைக்க யோசித்தது. கத்திரிதான் மளிகைக் கடைகளில் பழைய கோணிகளைக் கேட்டு வாங்கி, சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தாள். சமையலறை ஜன்னலில் மாட்டிக்கொள்ள வேண்டும். காய்த் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் அதில் போட்டு மேலே ஒரு கை சருகைத் தூவ வேண்டும். நிறைந்ததும் வாயைக் கட்டி, பையோடு குழியில் இறக்கி மூடிவிட வேண்டும். கொட்டுவதும் கழுவுவதும் கிடையாது. ஆறு மாதத்தில் உள்ளே இருப்பதும் மக்கும், பையும் மக்கும். இன்றைக்கு அங்கே கீரை இருக்கிறது, தக்காளி இருக்கிறது, எலுமிச்சைக் கன்று ஒன்று இடுப்பளவு நிற்கிறது.

பிறகு எங்கிருந்து வந்தது நைலான்? ரோஷத்திலிருந்து வந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால், மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அடித்தையல் விட்டுப்போய், பத்து நாள் தோலும் தூளும் செயலாளரின் பளபளக்கும் ஷூவின் மேல் சரிந்தது. "ஒரு பையை ஒழுங்கா தைக்கத் தெரியாதா?" என்று அவர் படிக்கட்டே அதிரும்படி கேட்டார். கத்திரியைத் திட்டலாம், அவள் வம்சத்தையே திட்டலாம், துடைத்துப் போட்டுவிட்டுப் போவாள். தையலைச் சொன்னால் தாங்கமாட்டாள். செருப்புக் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கை எப்போதோ கொடுத்த நூல்கண்டு அலமாரியில் கிடந்தது. "இது யானை இழுத்தாலும் அறாதுக்கா," என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள். அதை எடுத்து அறுபது பைகளுக்கு இரட்டைத் தையல் போட்டுத் தள்ளினாள்.

இருபத்தைந்து வருடமாக அந்தக் கைக்கு ஒரே பாடம்தான்: தைத்தது விடக்கூடாது. இந்தப் பை மண்ணுக்குள் போய்ச் சாக வேண்டிய பை என்பது கைக்கு எட்டவே இல்லை. அறுபதும் ஒன்றன்பின் ஒன்றாகக் குழிக்குள் போயின. கோணி மக்கியது, தோல் மக்கியது, நூல் மட்டும் சிரஞ்சீவியாக இருந்தது. போன வாரம்தான் தங்கையிடம் இன்னொரு கண்டு வேறு கேட்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். எலக்ட்ரீஷியன். போன வருடம் ஒரு பழைய கார் வாங்கி, நிறுத்த இடமில்லாமல் மூன்று தெரு தள்ளி விட்டிருந்தார். விடுதியில் சேர்த்த பிள்ளையைப் பார்க்கப் போகிற மாதிரி ஞாயிறுதோறும் வாளியும் துணியுமாகப் போய் அதைக் குளிப்பாட்டிவிட்டு வருவார்.

"விட்டுடு. தப்பு உன்மேலதானே? பேசாம ஒதுங்கிக்கோ, மரியாதையாவது மிஞ்சும்."

"தப்பு என்மேலதான். அதுக்கு மண்ணுக்கு எதுக்குங்க தண்டனை?"

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவள் தையல் கடைக் கதவை இழுத்துப் பூட்டி, 'திங்கள்கிழமை வரவும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டுப் பின்பக்கம் போனாள்.

டீச்சர் அங்கே ஸ்டூல் போட்டு, மடியில் ஒரு நோட்டோடு தயாராக உட்கார்ந்திருந்தார். எந்தப் பை, எந்தத் தேதி, எந்தக் குழி என்று முதல் நாளிலிருந்தே எழுதி வைத்திருந்தவர் அவர். "முப்பது வருஷம் வருகைப் பதிவேடு எடுத்தவ நான். ஒண்ணும் தப்பிச்சுப் போகாது. நைலான் பையில ஒண்ணாம் நம்பர், மதில் ஓரம், ரெண்டடி உள்ள."

கத்திரி மண்டியிட்டாள். மண்வெட்டியைத் தொடவில்லை, வெட்டினால் நூல் துண்டு துண்டாகி மண்ணோடு கலந்துவிடும். விரலாலேயே தோண்டி, நுனியைப் பிடித்து, பிரித்தெடுக்கும் தையலை உருவுகிற மாதிரி மெல்ல மெல்ல உருவினாள். சில இடங்களில் நூல் லேசாக வந்தது. சில இடங்களில் தக்காளி வேர்கள் அதைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தன. ஏழாம் நம்பரில் காயோடு ஒரு செடி பிடுங்கிக்கொண்டு வந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு, "எட்டு எங்க டீச்சர்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தோண்டினாள். விரல் இடுக்குகளை நூல் அறுத்தது. சனிக்கிழமை மதியம் செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"எதுக்கும்மா வீண் வேலை? நாளைக்கு எப்படியும் முடிவாகப்போற விஷயம்."

"முடிவாகிறப்போ ஆகட்டும் சார். இப்போ கொஞ்சம் நகருங்க. நாப்பத்தி ரெண்டாம் நம்பர் மேல நிக்கிறீங்க."

அவர் நகர்ந்தார். அந்தப் பக்கமாக வந்த வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்பை அவளிடம் நீட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்பத்தி மூன்றில் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளக் கூடத்தில் செயலாளர் சொன்னபடியே மண்வெட்டியை மேஜைமேல் வைத்துப் பத்து நிமிடம் பேசினார். அவர் உட்கார்ந்ததும் கத்திரி எழுந்து, ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஒரு நூல் உருண்டையை அதன் பக்கத்தில் வைத்தாள். அழுக்கும் வேர்த் துணுக்குமாக இருந்தது.

"இது நான் போட்டது. ரோஷத்துல புத்தி கெட்டுப் போட்டது. மூணு நாள் உக்காந்து அறுபது பையிலயும் எடுத்துட்டேன். சந்தேகம்னா டீச்சர் நோட்டு இருக்கு, எண்ணிக்கோங்க." எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "இப்போ நீங்க சிமெண்ட் போடப்போறீங்க. அதுவும் தப்புன்னு நாளைக்குத் தெரிஞ்சா, யாரு சார் உக்காந்து விரலால எடுப்பா?"

நாற்காலிகள் கிரீச்சிட்டன.

"அது வேற, இது வேற," என்றார் செயலாளர். "சிமெண்டுக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க. காரை வச்சுக்கிட்டு அலையிறீங்களே, நீங்க சொல்லுங்க," என்று அவள் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

அவர் நகக்கண்ணில் இருந்த கறுப்பு மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என் வண்டி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும் சார்."

நாற்பது வீட்டில் பதினொரு கைகள்தான் மேலே போயின. செயலாளர் இரண்டு தடவை எண்ணிவிட்டு ஃபைலை மூடினார். "ஆறு மாசம் பாப்போம். அடுத்த கூட்டத்துல மறுபடியும் வைப்பேன்."

"தாராளமா வைங்க. ஆறு மாசத்துல இந்தப் புதுப் பை நூலோட மக்கியிருக்கும், தோண்டிக் காட்டுறேன்." ஒரு புதுக் கோணிப்பையை எடுத்து அவர் முன்னால் போட்டாள். "உங்க வீட்டுக்கு. இதுவரைக்கும் வாங்காத ஒரே வீடு உங்களுதுதான்."

அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். பருத்தி நூல் 'பட்'டென்று இரண்டு தையல் விட்டது.

"என்னம்மா இது, இழுத்தா அறுந்து போகுது!"

"ஆமா சார்," என்றாள் கத்திரி. "இப்பதான் ஒழுங்கா தைக்கக் கத்துக்கிட்டேன். அடியில ஒரு கை கொடுத்துத் தூக்கிட்டு வாங்க."