ஒட்டாது என்று எழுதிய சீட்டு

1

என் உதட்டின் உட்புறம் வந்த புண்ணால்தான் இந்தக் கதை பிறந்தது. மாதம் ஒருமுறை வந்து, பத்து நாளில் போகிற புண். கிருமாம்பாக்கத்தில் ஒரு பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவளுக்கும் அதே தொல்லை. பேச்சுக்கொடுத்தாள். அவளுக்குத் தென்றல் என்று பெயர் வைக்கிறேன். பக்கத்துக் கடலோர ஊரான நல்லவாட்டில் மீன் விற்கிறாள்.

2

'தென்றலின் வாய்க்குள் கடல் எரிந்து' என்று தொடங்கி— (வேண்டாம். காரம் பட்டால் எரிந்தது, அவ்வளவுதான்.)

போன மாதம் கணவன் குணாவுடன் வந்திருக்கிறாள். "ஏன் வருதுன்னு உறுதியா தெரியலம்மா. வைரஸும் காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க" என்றாராம் மருத்துவர். குணாவின் காதில் விழுந்தது ஒரே சொல்.

"பாப்பா மூஞ்சிகிட்ட போவாதடி. வைரஸுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

அன்றிலிருந்து ஒன்பது மாதக் குழந்தை பால் குடிக்க மட்டும் அவளிடம் வந்தது. குடித்ததும் அவன் வாங்கிக்கொண்டான். புண் ஆறியது. அடுத்தது வந்தது.

3

(குணாவைக் கொடுமைக்காரனாக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் முதல் குழந்தை காய்ச்சலில் போனதை அவளே சொன்னாள். அதன் பிறகு அவனைத் திட்ட என் பேனா எழவில்லை.)

4

நான் பார்த்த அன்று அவள் வந்தது மருந்துக்காக இல்லை. அவள் உள்ளே போனபோது கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"இது ஒட்டுமா டாக்டர்?"

"உதட்டு மேல நீர்க்கொப்புளமா வருமே, அது ஒட்டும். உனக்கு இருக்கறது வேற. ஒட்டாது. கொழந்தைய தாராளமா கொஞ்சு."

"எழுதிக் குடுங்க. வாயால சொன்னா அவரு நம்ப மாட்டாரு."

எழுதினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: காரணம் உறுதியாகத் தெரியவில்லை. ஒட்டாது.

"மொத வரி வேணாமே டாக்டர். அதப் பாத்தா மறுபடி பயந்துடுவாரு."

"அதும் உண்மைதானம்மா. அந்த வரிய அடிக்க முடியாது."

நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

5

குணா அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். சீட்டைக் கிழிப்பதாக இன்னொன்று. இரண்டுமே என் கற்பனை. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அவன் வாசலில், குழந்தையைத் தோளில் போட்டபடி வண்டியருகே நின்றிருந்தான். அவள் சீட்டை நீட்டினாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டான்.

"தெரியலன்னுதானே போட்டிருக்காரு?"

"அடுத்ததையும் படிங்க" என்றாள். அவன் படித்து முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. குழந்தையைத் தோளிலிருந்து எடுத்து, இரண்டு கன்னத்திலும் அழுத்தி முத்தமிட்டாள். குணா வாயைத் திறந்தான்.

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவன் என்ன சொன்னான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். குழந்தையை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.