கும்டேருவுக்கு எழுதிய நல்லசிவம்

வேல்ஸ் நாட்டில் கும்டேரு என்றொரு சிறு கிராமம். அங்குள்ள உதைபந்தாட்டக் கழகத்துக்கு இந்த ஆண்டு நூறு வயது. அதையொட்டி அவர்கள் அச்சிட்ட வரலாற்று நூல் மார்ச் பதினோராம் திகதி ஒஸ்லோவில் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் தபால்பெட்டிக்கு வந்தது. உறையில் ‘திரு. நல்லசிவம்’ என்றிருந்தது. தலைவர் சுபேசன் அதை நல்லசிவம் இருக்கும் ட்வெய்ட்டாவுக்குக் கொண்டுபோய் அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அவரில் பிழையில்லை. எங்கள் கழகத்தில் நல்லசிவம் என்றால் ஒருவன்தான், பழைய பந்துக்காப்பாளன்.

ஆனால் அந்த உறை எனக்கு வந்தது. என் பெயர் ஆனந்தராஜா. நல்லசிவம் என்பது என் அப்பாவின் பெயர். நோர்வேக்கு வந்து இறங்கியபோது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லாரையும் போல நானும் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்றுமுதல் வெள்ளைக்காரருக்கு நான் நல்லசிவம். பந்துக்காப்பாளனுக்கு இது பெரிய பகிடி. முப்பது வருடமாக என்னை “மகன்” என்றுதான் கூப்பிடுகிறான்.

1997 யூலையில் எங்கள் அணி கும்டேருவில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம் ஆடியது. நல்லசிவம் அன்று ஒரு தண்ட உதையை, பெனால்டியை, பாய்ந்து தடுத்தான். நான் செயலாளர். இரண்டாவது பந்துக்காப்பாளனும் நான்தான். அதாவது, நல்லசிவத்துக்குக் காயம் பட்டால் இறங்க வேண்டியவன். நாலு வருடம் மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு ஒரு கீறல்கூடப் படவில்லை.

ஊர் திரும்பிப் பத்தாம் நாள் அவர்களுடைய செயலாளர் எம்லினுக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். அவர் பதில் போட்டார். அப்படியே இருபத்திரண்டு வருடம் எழுதிக்கொண்டோம். ஒவ்வொரு சனிக்கிழமை ஆட்டத்தையும் எழுதுவார்: யார் அடித்தது, யார் கால் முறிந்தது, காற்றில் எந்தக் கம்பம் சாய்ந்தது. நான் எதையும் எறியவில்லை. சாவகச்சேரியில் பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி, வந்த கடிதத்தையும் போன கடிதத்தின் பிரதியையும் ஒன்றாகத் துளையிட்டுக் கோவையில் கட்டி வைத்தேன்.

2019இல் எம்லின் இறந்தார். அடுத்த ஆண்டு ஆறு பெருகிக் கழகக் கட்டடத்துக்குள் புகுந்து பதிவேடுகள் எல்லாம் கூழாகிவிட்டன. எம்லினின் மகள் என் விலாசத்தைத் தேடிப்பிடித்து, அப்பாவின் கடிதங்கள் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு எழுதினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. அந்தக் கிராமத்தின் இருபத்திரண்டு வருட உதைபந்தாட்டம் ஒஸ்லோ ரொம்மனில் எங்கள் வீட்டு உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருந்தது. அவள் கேட்டது அவருடைய கடிதங்களை மட்டும். முறை என்று ஒன்று உண்டே என்று நான் என் பிரதிகளையும் சேர்த்தே நகலெடுத்து அனுப்பினேன்; கோவை என்னிடமே இருந்தது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சுபேசன் நூலை உயர்த்திப் பிடித்தார். நல்லசிவம் இல்லாவிட்டால் கும்டேருவுக்கு வரலாறே இல்லையென்று இதில் அச்சடித்திருக்கிறார்கள், செப்டம்பரில் நூற்றாண்டு ஆட்டத்தின் முதல் பந்தை உதைக்க அவரைத்தான் அழைத்திருக்கிறார்கள் என்றார். மண்டபம் கை தட்டியது. நல்லசிவம் எழுந்து நெஞ்சில் கைவைத்து, தன்னால் முடிந்ததைத்தான் அன்று செய்ததாகச் சொன்னான். மறுபடியும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன்பின் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் அவனைச் சுற்றி நாலு பேர் நின்றால், அது அந்தக் கதைதான் என்று தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் அவனுக்குப் பூங்கொத்துகள் வந்து குவிந்தன. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. பொறாமை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அது வேறு எதுவுமில்லை.

என் மனைவி புஷ்பராணி இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தாள்.

“ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுது. வாய்க்குள்ளை என்னத்தை வைச்சுக்கொண்டு இருக்கிறியள்?”

எழுத்தில் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோவையை இறக்கினேன். முதலாவது கடிதத்தைப் புரட்டியதுமே கை நின்றுவிட்டது.

எம்லின் எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. ஆட்டத்துக்கு முன் நான் அவருக்குக் கொடுத்தனுப்பிய அணிப் பட்டியலில் கூப்பிடும் பெயர்களைத்தான் எழுதியிருந்தேன். முதலாம் இலக்கம் நல்லசிவம். நன்றிக் கடிதத்தில் கையொப்பமும் நல்லசிவம். இரண்டும் ஒரே ஆள் என்று அவர் எடுத்துக்கொண்டார். ‘செயலாளரும் பந்துக்காப்பாளரும் நீர்தானா! அந்தத் தண்ட உதையைப் பாய்ந்து தடுத்தீரே, இங்கே எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறோம்’ என்று எழுதியிருந்தார்.

அதற்கு நான் ஒரு திருத்தம் எழுதினேன். அந்த வரைவு இன்றும் கோவையில் இருக்கிறது. அனுப்பவில்லை. அனுப்பிய கடிதத்தின் பிரதி அடுத்த தாளில் இருந்தது: ‘பந்து என் வலப்பக்கமாக வந்தபடியால் எட்டிவிட்டது.’

பிறகு ஒவ்வொரு யூலையிலும் அவர் அதை நினைவூட்டுவார், நானும் ஏதாவது சேர்த்து எழுதுவேன். பனிக்காலத்தில் மணிக்கட்டு உளைகிறது என்று எழுதினேன். சில நாள் உண்மையாகவே உளைந்தது. கடிதங்கள் என்னுடையவை என்று நான் வாய் திறந்தால், இதுவும் என்னுடையதாகத்தான் வெளியே வரும். கோவையைத் திரும்ப மேல்தட்டில் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் நல்லசிவம் நூலோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். “மகன்” என்று கூப்பிடவில்லை. குசினி மேசையில் எண்பத்தெட்டாம் பக்கத்தை விரித்து வைத்தான். அவனுடைய மகள் ஜெனிதா அதுவரை வாசித்துச் சொல்லியிருக்கிறாள்.

“எனக்கு இங்கிலீசிலை கடிதம் எழுதத் தெரியாது எண்டு உனக்குத் தெரியும்.”

“ஓம்.”

“அந்தப் பந்தை மறிச்சதுக்குத்தான் கூப்பிடினம் எண்டு நினைச்சன். கடிதத்துக்குத்தான் எண்டு பிள்ளை வாசிக்கத்தான் விளங்கினது. ஆனால் அந்தக் கடிதத்துக்குள்ளையும் என்ரை பந்துதான் கிடக்கு.” விரலை வரியில் வைத்தான். “நான் மறிச்ச பந்தை இருபத்திரண்டு வருஷமா நீ பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறாய், என்ன?”

புஷ்பராணி தேத்தண்ணீரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு விளக்கம் தயார் செய்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“நீ ஒருநாளும் காயப்படேல்லை.”

அவன் நூலிலிருந்து விரலை எடுத்தான். “அதுக்கு நான் என்ன செய்யிறது? காலை முறிச்சுக்கொண்டு உனக்கு இடம் விடுறதோ?”

அவன் கோப்பையை ஒதுக்கி இடம் பண்ணினான்.

“எழுது. எனக்கு முன்னாலை எழுது.”

எழுதினேன். கடிதங்களை எழுதியவன் ஆனந்தராஜா, தண்ட உதையைத் தடுத்தவன் நல்லசிவம், தவறு முழுவதும் என்னுடையது, முதல் பந்தை யார் உதைப்பதென்று நீங்களே முடிவுசெய்யுங்கள் என்று எழுதி, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். வலப்பக்கம் பாய்ந்து என்ற இடத்தில் மறித்தான்.

“இடப்பக்கம்.”

ஆட்டத்தன்றே நான் எழுதிவைத்த குறிப்பேட்டில் வலப்பக்கம் என்றுதான் இருக்கிறது என்றேன்.

“நீ வெளியிலை இருந்து பாத்தனி. நான் உள்ளுக்கை நிண்டனான். இடப்பக்கம்.”

இடப்பக்கம் என்று மாற்றி எழுதினேன்.

எட்டாம் நாள் பதில் வந்தது. இருவரும் வரவேண்டும், பந்துக்காப்பாளர் முதல் பந்தை உதைப்பார், கடிதக்காரரின் சரியான பெயரை அச்சடித்து எல்லாப் பிரதிகளிலும் ஒட்டுகிறோம் என்று எம்லினின் மகள் எழுதியிருந்தாள். சொன்னபடியே செய்திருந்தார்கள். செப்டம்பரில் நான் முன்வரிசையில் அவள் பக்கத்தில் இருந்தேன். மடியில் நூல், அதன் முதல் பக்கத்தில் ந. ஆனந்தராஜா.

நல்லசிவம் முதல் பந்தை உதைத்தான். 1997இல் அந்தத் தண்ட உதையை அடித்தவர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். இன்னொரு முறை பார்ப்போமா என்று அவர் கேட்க, சனம் கூச்சலிட்டது. இவன் அறுபத்திரண்டு வயதில், கோட்டும் போட்டுக்கொண்டு, கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றான். கிழவர் தட்டிவிட்ட பந்து மெதுவாகத்தான் வந்தது. இவன் இடப்பக்கம் பாய்ந்து மறித்தான். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

எம்லினின் மகள் என் பக்கம் குனிந்து, அப்பா உங்கள் கடிதங்களை வாசித்துக் காட்டும்போதெல்லாம் பாய்கிறவரின் முகத்தை மனதில் வரைந்து வைத்திருந்தேன், அது உங்கள் முகம் போலத்தான் இருந்தது என்று சொன்னாள். நன்றி என்றேன். அது எனக்குப் போதுமாக இருந்தது என்று எழுதினால் பொய். நான் நல்லசிவத்தின் கோட்டில் ஒட்டியிருந்த புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.