வேதாச்சலத்தின் மன அமைதி

நகரியில் வேதாச்சலத்தைப் போல மன அமைதி பெற்ற மனிதர் இன்னொருவர் கிடையாது. ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லையை எங்கே போடுவது என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த நாளில், "ஆந்திராவுக்கு ஒரு பிடி மண்ணைக்கூட விடமாட்டோம்" என்று கடைத்தெருவில் மேஜை மேல் ஏறித் தொண்டை கிழியக் கத்தியவர் அவர்தான். அதைக் கேட்டுச் சூடேறி ரயிலை மறித்த பையன்களில், அவருடைய தங்கை பொன்னியம்மாளின் ஒரே மகன் கோவர்த்தனனும் ஒருவன். போலீஸ் அவனைப் பிடித்து ஜெயிலில் போட்டது. வேதாச்சலத்தின் மகனோ அந்த வாரம் பார்த்து மெட்ராசில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தான். என்ன பொருத்தம்!

அன்றிலிருந்து பொன்னியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயிலில் பையனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட பிறகு தண்ணீரும் கசந்தது. போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தால் கண் இருட்டியது.

வேதாச்சலம் தினமும் வந்தார். பளிச்சென்று நாமம், தங்கை வீட்டு மோர், பிறகு உபதேசம்.

"எல்லாத்தையும் பெருமாள் மேல போட்டுடு பொன்னி. என்னைப் பாரு, நான் கவலைப்படறனா?"

கவலைப்பட உனக்கு என்ன கேடு என்று அவள் வயிறு எரிந்தது. அண்ணனாயிற்றே என்று இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினாள்.

"மலைக்குப் போய் சேவிச்சா மனசு அடங்கும்" என்று கடைசியில் அவரே அவளைத் திருப்பதிக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போனார். கீழே ஊரில் கங்கம்மா ஜாத்திரை, அம்மன் திருவிழா. அந்த நாட்களில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேஷம் கட்டியவர்கள் யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி வையலாம். வாங்கிக்கொண்டவர் கோபிக்கக் கூடாது. அம்மனுக்கு அந்த வசவும் பூஜைதான்.

உடம்பெல்லாம் குங்குமம் அப்பிய ஒருவன் வேதாச்சலத்தைத் தெலுங்கில் பிடிபிடியென்று பிடித்தான். அவருடைய பரம்பரையே நாறியது. அவர் புன்சிரிப்போடு கைகூப்பி நின்றார். மன அமைதியைக் கடை விரிக்க நல்ல கூட்டம்!

அந்தச் சிரிப்பைத்தான் பொன்னியம்மாளால் தாங்க முடியவில்லை. வேஷக்காரன் மார்பிலிருந்து ஒரு கை குங்குமத்தை வழித்துத் தன் முகத்தில் அப்பிக்கொண்டாள்.

"த்தூ! பெருமாள் மேல போட ஒனக்குக் கவலை எங்கடா கீது? எம்புள்ளையைத் தண்டவாளத்துல ஒக்கார வெச்சுட்டு, ஒம்புள்ளையை மெட்ராசுல ஒளிச்சு வெச்சவன்தானே நீ! அவன் காய்ச்சல்ல கெடக்கறான், நீ என் வூட்டு மோரைக் குடிச்சுக்கினு எனக்கே நிம்மதி சொல்றியா?"

அதற்கப்புறம் வந்தவை அச்சில் ஏறாது. வேதாச்சலத்தின் சிரிப்பு கோணிப்போயிற்று. கோபிக்க வழக்கம் இடம் கொடுக்கவில்லை. வேஷக்காரனே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மூச்சு தீர்ந்ததும் அவள் அம்மன் பக்கம் திரும்பினாள். அம்மனையும் நாலு வார்த்தை கேட்கத்தான் வந்தாள். ஒரு சொல் மிச்சமில்லை. நெஞ்சு லேசாகியிருந்தது. இவளும் ஒரு தாய்தானே, பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை, யாரும் உபதேசிக்காமல் தானே வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு பசித்தது. அங்கே ஊற்றிய கூழை இரண்டு சொம்பு குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மலைக்குப் போலாமா பொன்னி?" என்றார் வேதாச்சலம், ஈனசுரத்தில்.

"மலைக்கு இல்ல, ஜெயிலுக்கு. நீயும் வர்ற. எம்புள்ள எதிர்ல நின்னு ஒன் நிம்மதியைச் சொல்லு."

அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அம்மனைக் கும்பிட்டாள்.

"அம்மா, எம்புள்ளையை நீ பாத்துக்க. இந்த ஆளை நான் பாத்துக்கறேன்."